பூசை போட்ட அளவுக்கல்

சித்தேரிக்கரை,
தாமல் வழி, காஞ்சிபுரம்.
கார்த்திகை 11, வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் குருவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பு மட்டில் சௌகரியம். அங்கே ரோட்டர்டாமில் நீயும் மருமகள் சத்யப்ரியாவும் பாப்பாவும் உடம்பும் மனசும் சேர்ந்தே சௌகரியமாக இருக்க வேண்டும் என்று உன் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் பெரிய காஞ்சிபுரம் போய் காமாட்சியிடம் சொல்லிவிட்டு வருகிறாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, பஸ் படி ஏறும்போது முகத்தைச் சுளிக்கிறாள், கேட்டால் வலியே இல்லை என்கிறாள். நீ அனுப்பிய முழங்கால் உறை பீரோவில் பட்டுப்புடவைக்கு மேலே பத்திரமாக இருக்கிறது, போட்டால் அழுக்காகிவிடுமாம். கிணற்றோரம் இருந்த தென்னை மழையில் சாய்ந்துவிட்டது. மிளகாய்ப்பொடி பார்சலை இந்த வாரம் எப்படியாவது அனுப்பிவிடுகிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். முந்தாநாள் வீடியோவில் பேசியபோது இதைச் சொல்ல மூன்று தரம் வாயெடுத்தேன். ஒரு தரம் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள், ஒரு தரம் பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள், மூன்றாவது தரம் உன் கண் பக்கத்துத் திரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தது, நான் விஷயத்தைத் தொடங்கவே இல்லை, அதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்றாய். அதனால்தான் காகிதம். ஏனாத்தூர் சித்தப்பா மகன் வசந்த் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். விஷயத்தை வாயால் சொன்னால் போதும் பெரியப்பா, ஏஐயிடம் கொடுத்து அழகாகக் கோத்து வாங்கிவிடலாம் என்றான். வேண்டாம் என்றேன். அது அழகாக எழுதிவிடும் என்பதுதான் என் பயம். நான் செய்ததை நானே கோணல்மாணலாக எழுதினால்தான் உனக்கு உறைக்கும். உன் அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. பத்து நாளாக நான் ஏன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், வாயு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்பது நாளைக்கு முன் நம் சித்தேரி கரை வழிந்து தெற்குத் தெருவுக்குள் தண்ணீர் புகுந்ததை உனக்குச் சொன்னேன். யாரும் பார்த்திராத மழை என்றும் சொன்னேன். அது பொய். பெரிய மழைதான், ஆனால் இதைவிடப் பெரிய மழையை எல்லாம் இந்த ஏரி குடித்துவிட்டுச் சும்மா கிடந்திருக்கிறது. இந்தத் தடவை கரை வழிந்ததற்கு மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் உனக்குச் சொன்ன ஒரு எண்ணும், அதைப் போய்ப் பார்க்காமல் நீ போட்ட ஒரு ‘ஆம்’ என்ற பதிலும்தான் காரணம். ஊரில் இது இன்றைக்கு மூன்று பேருக்குத்தான் தெரியும். நான், வசந்த், முனுசாமி.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நடந்ததை நினைவுபடுத்திக்கொள். ஏரிச் சங்கத்துக்கு நான் செயலாளர், என் மகன் ஏரிக்கு மூளை வைக்கப் போகிறான் என்று டீக்கடையில் ஒரு வாரம் அளந்தேன். மதகின் மேல் ஒரு டப்பா, அது தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து, மதகோரம் அடிக்கோடு போட்டு நட்டிருக்கிற அளவுக்கல்லின் கணக்கில் எத்தனை அடி என்று கணித்துக்கொண்டே இருக்கும், மணிக்கு ஒரு தரம் எல்லார் போனுக்கும் பச்சை எழுத்தில் ‘நீர்மட்டம் இயல்பு’ என்று வரும், ஏரி நிரம்பப் போகிறது என்றால் சிவப்பில் ‘பலகையை எடுக்கவும்’ என்று வரும். மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலங்கலில் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று நாம் பலகை போட்டு அடைத்து வைப்போமே, அந்தப் பலகைகளை நேரத்தில் எடுத்துவிட்டால் போதும், கரைக்கு ஆபத்து கிடையாது. "ரெண்டு மாச வேலைப்பா இது, ஏஐ இருக்கிறதால ரெண்டே நாள்ல முடிச்சிட்டேன்" என்று நீ சொன்னதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் நீ கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே "அப்பா, ஏரி ரொம்பினா எத்தினி அடி?" என்று கேட்டாய். பதினோரு அடி என்றேன். என் அப்பா சொன்னது, அவர் அப்பா சொன்னது, யோசிக்கவே வேண்டாத பதில். "அளவுக்கல்லு கரெக்டா இருக்குதா, நேர்ல போய்ப் பாத்தியான்னு இது கேக்குதுப்பா" என்றாய். நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். "கல்லு எங்கடா தப்பா இருக்கப் போவுது, போட்டுக்கோ" என்றேன். நீ போட்டுக்கொண்டாய்.

அந்தக் கல் தப்பு என்று எனக்குத் தெரியும், குரு. மூன்று வருஷத்துக்கு முன் ஏரியைத் தூர் வாரி மதகைப் புதுப்பித்தபோது பழைய அளவுக்கல் உடைந்துபோனது, நீ அப்போது ரோட்டர்டாமில் இருந்தாய். புதுக்கல் நட்டோம். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, கன்னிமாருக்குப் படையல் போட்டு, தேங்காயை நான்தான் உடைத்தேன். எட்டு நாள் கழித்துத்தான் கொத்தனார் கல்லை ஒன்றரை அடி உயர்த்தி நட்டுவிட்டார் என்பது தெரிந்தது. ஏரி நிரம்பி நின்றால் அந்தக் கல் ஒன்பதரை என்றுதான் காட்டும். அதில் பதினொன்று வந்தால் தண்ணீர் கரைக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம். பிடுங்கி நடலாமே என்றால், பூசை போட்ட கல்லைப் பிடுங்கினால் கன்னிமார் கோபித்துக்கொள்வார்கள், அப்புறம் ஏரியில் தண்ணீர் நிற்காது என்றார்கள், நானும் தலையாட்டினேன். அதோடு அந்தக் கல் தப்பு என்று வாய்விட்டுச் சொல்வதையே ஊர் விட்டுவிட்டது. சொன்னால் சாமி குற்றம். நீ சின்ன வயசில் மீசையைப் பார்த்துப் பயந்து ஓடுவாயே, அந்த முனுசாமி மாமாதான் அப்போது நீர்க்கட்டி, எந்தக் கழனிக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது பலகை எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கல்லைப் பார்க்கவே மாட்டார், கலங்கல் ஓரத்துக் கருங்கல் படியில் தண்ணீர் தொட்டால் பலகையை எடுத்துவிடுவார். அவர் இருந்த வரைக்கும் கல் என்ன காட்டினால் யாருக்கு என்ன. நீ கேட்ட அந்த நிமிஷத்தில் இதெல்லாம் எனக்கு நினைவில் இல்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. நினைவு வந்திருந்தாலும், நானே தேங்காய் உடைத்த கல்லைத் தப்பு என்று ஒரு இயந்திரத்திடம் சொல்ல எனக்கு மனசு வந்திருக்காது.

கருவி வந்த அடுத்த மாசமே முனுசாமிக்குப் பொன்னாடை போர்த்தி, இனிமேல் ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டோம். சொன்னதும் நான்தான். அவர் பொன்னாடையை அப்படியே மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனார். களத்தில் அவருக்குக் கூலியாக அளக்கிற நெல்லும் நின்றது. பத்து மாசம் நல்ல வெயில், ஏரியில் முழங்கால் தண்ணீர், கருவி மணிக்கு மணி ‘இயல்பு’ என்றது, எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள், நானும் கேட்டு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே வானம் கொட்டியது. பகல் பன்னிரண்டுக்கு இயல்பு, ஒரு மணிக்கு இயல்பு. தெற்குத் தெரு கடைசி வீட்டுத் தில்லையம்மாளை உனக்குத் தெரியும், இரண்டு கறவை மாடுதான் அவளுக்கு எல்லாம். ஒன்றரை மணிக்குப் போன் செய்தாள். "அண்ணா, கொட்டாயாண்ட தண்ணி கசியுது, மாட்ட அவுத்துக்கினு போய் மேட்டுல கட்டட்டுமா?" என்றாள். நான் போனைப் பார்த்தேன். பச்சையாக இருந்தது. "இயல்புன்னுதாம்மா போட்டுக்கினு இருக்குது, மழைத் தண்ணி தேங்கியிருக்கும், நீ ஏன் வீணா நனையறே" என்றேன். இரண்டு மணிக்கும் இயல்பு. மூன்று மணிக்குக் கரையின் தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் ஏறி வழிந்தது. சத்தம் கேட்டு ஓடினோம், இடுப்பளவு தண்ணீரில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்தோம், மனுஷருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடு இரண்டும் கட்டுத்தறியிலேயே போய்விட்டன. கயிறு அவிழ்க்காமல் இருந்தது. அவற்றைத் தூக்கிப் புதைக்கும்போது என் சட்டைப்பையில் போன் ஒலித்தது, எடுத்துப் பார்த்தேன், இயல்பு.

மூன்று நாள் கழித்து வசந்த் வந்தான். கருவி பழுதாகிவிட்டதா என்று பார்க்கச் சொன்னேன். அவன் ஏன் ஊரில் இருக்கிறான் என்று நீ கேட்காதே, அதைப் பிறகு சொல்கிறேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தான். "பெரியப்பா, அண்ணன் ப்ரோக்ராம்ல ஒரு தப்பும் இல்ல. டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனா அந்த டெஸ்டையும் ஏஐயே எழுதியிருக்குது, பதினோரு அடின்னு நாம சொன்னத நம்பிக்கினு" என்றான். பிறகு திரையை என் பக்கம் திருப்பினான். அதில் கேள்வி இருந்தது, ‘அளவுக்கல் நேரில் சரிபார்க்கப்பட்டதா?’ என்று. கீழே உன் பெயர், தேதி, ‘ஆம்.’ அது கேட்டிருக்கிறது குரு. மனுஷன் கேட்க வேண்டியதை அது ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. நான் கடலை உரித்துக்கொண்டும் நீ அடுத்த வேலைக்கு அவசரப்பட்டுக்கொண்டும் ஆளுக்குப் பாதியாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டோம், அது அந்தப் பொய்யை மணிக்கு ஒரு தரம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலமே முனுசாமி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. கல் விஷயம் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், எனக்கே அது வெட்கங்கெட்ட கேள்வியாகத்தான் இருந்தது. "என்னை யாருபா கேட்டீங்க? மிஷினுக்கு எல்லாம் தெரியும்னு நீதான டீக்கடையில சொல்லிக்கினு இருந்தே. இதுகூடவா தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். பிறகு வாசப்படியில் உட்கார்ந்து, "தெரியாதுன்னும் நெனச்சேன். சொல்ல மனசு வரல" என்றார். அந்த இரண்டாவது வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவரைத் திட்டவும் முடியவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன், திறந்திருக்க மாட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அதற்குத்தான். போன மாசம் நீ சொன்னதை நினைத்தால் இப்போது எனக்கு நிம்மதி இல்லை. உன் பிரிவில் இருபத்துமூன்று பேர் செய்ததை இனி நான்கு பேர் செய்வீர்கள், பத்தொன்பது பேருக்குக் கிறிஸ்துமஸோடு வேலை முடிகிறது, அவர்கள் கிளம்புவதற்குள் அவர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதி வாங்கி ஏஐக்குப் புகட்டுவது உன் பொறுப்பு, அப்புறம் அது எழுதும், நீ பார்த்து ஓகே போட வேண்டும், கடைசிக் கையெழுத்து உன்னுடையது என்றாய். பதவி உயர்வு என்று உன் அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாள். நானும் தின்றேன். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு எடை பார்த்து மருந்து எவ்வளவு என்று சொல்கிற ப்ரோக்ராம் எழுதுகிற வேலை அல்லவா உங்களுடையது. இங்கே ஒன்றரை அடி தப்பினதற்கு இரண்டு மாடு போனது. அங்கே தப்பினால் என்ன போகும் என்று நான் எழுத வேண்டியதில்லை, நீயும் ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன்.

அந்தப் பத்தொன்பது பேரில் எத்தனை முனுசாமி இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார். பொன்னாடையை அக்குளில் வைத்துக்கொண்டு போகப் போகிறவன் எதை எழுதிக் கொடுப்பான்? கேட்டதை எழுதிக் கொடுப்பான், அழகாகக்கூட எழுதுவான். உங்கள் ஆபீசிலும் பூசை போட்ட கல் ஒன்று இல்லாமல் இருக்காது. அது தப்பு என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும், ஒருத்தர் மட்டும் தினமும் மனசுக்குள் கூட்டிக் கழித்துச் சரிசெய்துகொண்டிருப்பார், யாரும் எந்தக் காகிதத்திலும் அதை எழுதியிருக்க மாட்டார்கள், எழுதினால் பெரியவர் யாருக்காவது அவமானம் என்று விட்டிருப்பார்கள். ஏஐ காகிதத்தில் இருப்பதைத்தான் படிக்கும். நீ மெயில் அனுப்பி வாங்காதே. ஒவ்வொருத்தரோடும் போய் உட்கார், வேலை போகிறவனோடு உட்கார்ந்தால் அவன் திட்டுவான், திட்டை வாங்கிக்கொள், திட்டி முடித்தபிறகு எங்கே எது தப்பு, நீ எதைப் பார்த்துப் பார்த்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தாய் என்று கேள். அப்படியும் சிலர் சொல்ல மாட்டார்கள். அந்த இடத்தில் ‘ஆம்’ என்று போடாதே, தெரியாது என்று போடு.

இனி இந்தத் தொழிலில் எத்தனை வருஷம் நிற்பேனோ தெரியவில்லை அப்பா, தினமும் ராத்திரி புதுசு புதுசாக எதையோ படிக்கிறேன், படித்து முடிப்பதற்குள் அது பழசாகிவிடுகிறது என்று நீ ஒரு நாள் சொன்னாய். அன்றைக்கு நான் கடவுள் இருக்கிறார் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். இப்போதும் உனக்குத் தைரியம் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை, ஏனென்றால் வசந்த் கதையைக் கேட்டுவிட்டேன். ஆடி மாசமே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். அவன் ஆபீசிலும் இதே மாதிரிக் கேள்விகள் வரும், மற்றவர்கள் ஆம் ஆம் என்று தட்டிக்கொண்டே போவார்கள், இவன் மட்டும் ஏஐ எழுதினதை வரி வரியாகப் படிப்பானாம். "ஸ்லோன்னு சொல்லி லிஸ்ட்ல போட்டுட்டாங்க பெரியப்பா" என்றான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆகவே ஒழுங்காகப் படித்துப் பார்க்கிறவனுக்கு வேலை நிலைக்கும் என்று உனக்கு நான் சத்தியம் செய்ய முடியாது. ஒன்று மட்டும் இந்தப் பத்து நாளில் எனக்குத் தெரிந்தது. வேலையில் இருப்பது வேறு, தேவைப்படுவது வேறு. முனுசாமிக்குப் பத்து மாசமாக வேலை இல்லை, ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இந்த ஊரில் தேவைப்பட்ட ஒரே ஆள் அவர்தான். எனக்கு அன்றைக்கு வேலையும் இருந்தது, பதவியும் இருந்தது, கையில் போனும் இருந்தது. நீ புதுசாக எதை வேண்டுமானாலும் படி, வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மருந்து எந்தக் குழந்தைக்கு எந்தக் கையால் போகிறது என்று அந்த ஆஸ்பத்திரிக்கே போய் நின்று ஒரு நாள் பார்த்துவிட்டு வா. அந்த நர்சம்மாவைக் கேள். நீ அப்படிப் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் வாங்கித் தின்று செரிக்கிற இயந்திரம் ஒரு நாள் வரும் என்று வசந்த் சொல்கிறான். வரட்டும். அதுவரைக்குமாவது உன் பெயர் நீ பார்த்ததன் கீழே இருக்கட்டும்.

இன்னொரு காரியம் அவசரம். பக்கத்து ஏரிச் சங்கத்தார் இரண்டு பேர் வந்து உன் கருவி அவர்களுக்கும் வேண்டும் என்று கேட்டதைச் சொன்னேன், நீயும் இதையே காப்பி செய்து அனுப்பிவிடுகிறேன், பத்து நிமிஷ வேலை என்றாய். அனுப்பாதே. அந்த ஏரிகளிலும் கல் இருக்கிறது, அங்கேயும் யாரோ தேங்காய் உடைத்திருப்பார்கள். நம் ஏரியின் எண்ணையும் மாற்ற வேண்டும், அதை மாற்றும் வழி எனக்கும் வசந்துக்கும் தெரியவில்லை, கடவுச்சொல் உன்னிடம். நான் சொல்கிறேன் என்று ஒன்பதரை போட்டுவிடாதே. என் பேச்சைக் கேட்டு ஒரு எண் போட்டது போதும். முனுசாமி மாமாவை வீடியோவில் கூப்பிடு, கலங்கல் படியில் நின்று காட்டச் சொல், மாமா என்று வாயாரக் கூப்பிட்டுக் கேள். கிழக்குக் காற்று அடித்தால் தண்ணீர் தாழ்ந்த கரைப்பக்கம் ஏறும், அந்த எண்ணும் போதாது என்கிறார், அதையும் கேட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அங்கே எழுந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், செயலாளர் பதவியையும் விட்டுவிடுவேன். உன் பெயரைச் சொல்லாமல் விட முடியுமா என்று நான்கு நாள் யோசித்தேன். முடியாது. என் பெயரை முதலில் சொல்கிறேன், உன் பெயரை அடுத்து. இதைக் கூட்டத்தில் இருந்து யாராவது உனக்குப் போன் செய்து சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது குரு. ஊர் என்னைத் திட்டும் என்ற பயம் கொஞ்சம்தான், திட்டாமல் என்னை நம்புகிறவர்களைப் பார்த்துத்தான் பயம் அதிகம். நேற்றுத் தில்லையம்மாள் வந்தாள். என்னைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். "மனச விட்டுடாத அண்ணா, உன் புள்ள வச்ச மிஷினு இல்லன்னா இன்னும் என்னா ஆயிருக்குமோ" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தேன். அந்த ஒரு நிமிஷம் நான் மாட்டைச் சாகவிட்டதைவிடக் கேவலமான காரியம் செய்தேன். போன வாரம் கரையில் மண்மூட்டை அடுக்கினோம், முந்தாநாள் கழனிக்காரர்கள் போனில் இயல்பு என்று வருவதைக் காட்டி, வெள்ளத்தன்று பிடுங்கிய பலகையைத் திரும்பப் போட்டு அடைத்துவிட்டார்கள், அப்போதும் நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன்.

சத்யப்ரியாவிடம் இதைக் காட்டு, ஒளிக்காதே, நான் உன் அம்மாவிடம் ஒளித்து அனுபவித்தது போதும். பாப்பாவுக்குக் குளிரில் மார்ச்சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். கடலையே கட்டி நிறுத்தியிருக்கிற ஊரில் இருக்கிறாய், அங்கே கரையைப் பார்த்துக்கொள்கிற மனுஷர் யார், அவரை இன்னும் வைத்திருக்கிறார்களா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துப் பார். கிறிஸ்துமஸுக்கு முன் அந்தப் பத்தொன்பது பேர், அதை மறக்காதே. நீ எத்தனை பெரிய ஆளானாலும் உன் தலையில் கைவைத்துச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், உன் கையெழுத்தால் யாருக்கும் கெடுதல் வராமல் இருக்க வேண்டும்.

உன்னைப் பற்றிப் பெருமையும் பயமும் ஒன்றாகக் கொண்ட
உன் அப்பா
கலியன்

கையெழுத்துப் போட்டபிறகு இதைச் சேர்க்கிறேன். மணி நாலு. மத்தியானத்திலிருந்து மழை பிடித்துக்கொண்டது, கிழக்கே வானம் அடுப்புக்கரி போல இருக்கிறது, காற்றும் அந்தப் பக்கமிருந்துதான். இப்போதுதான் போன் ஒலித்தது, இயல்பு என்று பச்சையில் வந்திருக்கிறது. முனுசாமி வாசலில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார், பத்து மாசத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் நம் வாசலுக்கு வந்திருக்கிறார். "தண்ணி படிய தொட்டுட்ச்சி கலியா, பலகைய எடுக்கணும், தனியா முடியாது, வா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஏரி காத்திருக்காது போலிருக்கிறது. தில்லையம்மாளுக்கும் தெற்குத் தெருவுக்கும் மேட்டுக்குப் போகச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். கலங்கலில் கழனிக்காரர்கள் நிற்பார்கள், போனில் இயல்பு என்றுதானே வருகிறது, எதற்குப் பலகையை எடுக்கிறாய் என்று மறிப்பார்கள். கல் தப்பு என்று அங்கேயே சத்தமாகச் சொல்லப் போகிறேன்.